நகரும் செடி அலமாரி

கமலம் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிவிட்டது. ஆனால் எதிரில் இருப்பவர்களை நோட்டம் விடும் பழக்கம் மட்டும் போகவில்லை. கணக்கு ஆசிரியையாக இருந்தவர். அதில் பதினோரு வருடம் பொதுத்தேர்வுப் பறக்கும் படையில் ஊர் ஊராகச் சுற்றியவர். ஒரு பிள்ளை தேர்வு அறையில் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தால் போதும், மூன்றாவது தடவைக்குள் டீச்சர் பக்கத்தில் போய் நிற்பார். பெரும்பாலும் அவர் சந்தேகப்பட்டது சரியாகத்தான் இருக்கும். அதனாலேயே தன் சந்தேகத்தை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் அவருக்குச் சொந்தமாக ஒரு மாடி இருந்தது. கீழே மருந்துக்கடை. மேலே இருந்த வங்கிக் கிளை வேறு இடத்துக்குப் போனதும் எட்டு மாதம் பூட்டியே கிடந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்த மகள் ஜெயஸ்ரீதான் யோசனை சொன்னாள்.

"நம்ம ஊர்ல வூட்டுலேர்ந்து வேலை பாக்கறவங்க எத்தினி பேரு, குரூப் எக்ஸாமுக்குப் படிக்கறவங்க எத்தினி பேரு! எல்லாரும் உக்கார ஒரு எடம் இல்லாம அல்லாடறாங்கம்மா. வேலைக்கும் படிப்புக்கும் சேத்து பொதுவா ஒரு எடம் போடலாம். சென்னையில தெருவுக்கு ஒண்ணு இருக்குது."

அதை வடிவமைக்க நெய்வேலியிலிருந்து சண்முகப்ரியா என்ற பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாள் அவள் அளவெடுக்கவில்லை. காலி ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாற்காலியை நகர்த்தி வேறு இடத்தில் போட்டு மறுபடி உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை இதே வேலை. கமலம் டீச்சர் மூன்று தடவை படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னாம்மா பண்றே?"

"வெயிலு எங்கெங்க விழுது, ரோட்டுச் சத்தம் எதுவரைக்கும் வருதுன்னு பாக்கறேன் டீச்சர்."

இதற்கு ஒரு நாளா என்று டீச்சருக்குத் தோன்றியது. வேலை தெரியாதவள், தெரிந்த மாதிரி நடிக்கிறாள் என்று முடிவு கட்டினார்.

டீச்சர் மனதில் இருந்தது வேறு. நாற்பது மேசை, எட்டு வரிசை, எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார வேண்டும், வாசலில் தன் மேசை. அங்கிருந்து பார்த்தால் ஒவ்வொரு தலையும் தெரிய வேண்டும். சண்முகப்ரியா அதைக் கேட்டுவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"முதுகுக்குப் பின்னால யாராச்சும் நின்னா உங்களால படிக்க முடியுமா டீச்சர்?"

"தப்பு பண்றவங்களுக்குத்தான் அந்தப் பயம் வரும்."

"இல்ல டீச்சர். எல்லாருக்கும் வரும்."

மகள் அந்தப் பெண் பக்கம் பேசியதால் டீச்சர் விட்டுக்கொடுத்தார். மூன்று மாதத்தில் ஹால் உருமாறியது. சுவரில் சத்தத்தை உறிஞ்சும் சாம்பல் பச்சைக் கம்பளிப் பலகைகள். நடுவில் பன்னிரண்டு பேர் உட்காரும் நீள மேசை. சுவர் ஓரமாகத் தனித்தனி மேசைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மஞ்சள் விளக்கு. போன் பேசுவதற்கென்று பீரோ மாதிரி இரண்டு கூண்டுகள், அதில் ரோட்டைப் பார்த்த மாதிரி வட்டமாக ஒரு சின்ன ஜன்னல். பேசும் பகுதிக்கும் படிக்கும் பகுதிக்கும் நடுவே பீங்கான் சாமான் செய்யும் செராமிக் எஸ்டேட்டில் கழித்துப் போட்ட வெள்ளை ஃபியூஸ் கட்டைகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட ஒரு தடுப்பு. ரோட்டுப் பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் மேலாக, நெஞ்சு உயரத்தில், மணி பிளான்ட் தொட்டிகள் அடுக்கிய ஒரு மர அலமாரி. அதற்கு அடியில் சக்கரம்.

"செடி வைக்கற அலமாரிக்கு எதுக்கு சக்கரம்?" என்று டீச்சர் கேட்டார்.

"தேவைப்பட்டா நகத்திக்கலாம்னுதான்."

யாருக்குத் தேவைப்படும், எதற்குத் தேவைப்படும் என்பதை அவள் சொல்லவில்லை. டீச்சருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மறைவுக்கு இடம் கொடுத்தால் மறைக்க ஏதாவது வந்து சேரும் என்பது அவர் பதினோரு வருடத்தில் கண்டது. அதனால் ஒரு காரியத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். யாருக்கு எந்த இடம் என்று தேர்வு அறை போல எண் போட்டு அவரே ஒதுக்கினார். இடம் மாறக் கூடாது.

திறந்த இரண்டாவது வாரத்தில் அன்புக்கரசி வந்து சேர்ந்தாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது இருக்கும். நல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிப்பதாகப் படிவத்தில் எழுதியிருந்தாள். கண்ணாடியை ஒட்டிய ஏழாம் எண் மேசை அவளுக்குக் கிடைத்தது. காலை ஒன்பதே முக்காலுக்கு வருவாள், சரியாக ஒன்றரைக்குக் கிளம்புவாள். வரும்போது செராமிக் கம்பெனிப் பெண்கள் போடும் நீலக் கோட்டு போட்டிருப்பாள். மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று அதைக் கழற்றிப் பைக்குள் திணிப்பாள். போகும்போது அதே படியில் நின்று போட்டுக்கொள்வாள்.

வேலைக்குப் போகிறவள் போல வந்து, படிக்கிறவள் போல உட்காருகிறவள் யார்? டீச்சர் அவளைக் கவனிக்கத் தொடங்கியது அந்தக் கோட்டினால்தான்.

மூன்றாம் நாளே அலமாரி நகர்ந்திருந்தது. நீள மேசைக்குப் பக்கத்தில் இருந்தது ஏழாம் மேசைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய் நின்றது. டீச்சர் ஆளை விட்டுப் பழைய இடத்துக்கே தள்ளச் சொன்னார். மறுநாள் பதினோரு மணிக்குப் பார்த்தால் மறுபடியும் ஏழாம் மேசைப் பக்கம். டீச்சர் சக்கரம் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தார். ஐந்து நாளில் ஐந்து தடவை அலமாரி கோட்டைத் தாண்டியிருந்தது. யார் நகர்த்துவது என்று பார்க்க முடியவில்லை. கீழே மருந்துக்கடைக்காரரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவதற்குள் காரியம் நடந்துவிடும்.

அடுத்த சந்தேகம் தமிழ்மணி மேல் விழுந்தது. அவன் வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்குப் போனில் வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை பார்ப்பவன். பாதி நாள் போன் கூண்டுக்குள்தான் இருப்பான். ஒருநாள் காலை அவன் கூண்டிலிருந்து வெளியே வந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல ஏழாம் மேசையைக் கடந்தான். கடக்கும்போது ஒரு துண்டுக் காகிதம் அன்புக்கரசியின் புத்தகத்தின் மேல் விழுந்தது. அவள் நிமிரவே இல்லை. காகிதம் மட்டும் காணாமல் போயிற்று.

தேர்வு அறையில் இதே காட்சியை டீச்சர் நூறு தடவை பார்த்திருக்கிறார். மத்தியானம் அவள் போன பிறகு குப்பைக்கூடையைக் கிளறினார். நாலாக மடித்த காகிதம் கிடைத்தது. அதில் இரண்டே வரி.

'போயாச்சு. இனி பயமில்ல.'

கழுத்தில் தாலி இருக்கிற பெண். பதினைந்து பேர் படிக்கிற இடம். நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் ஊர் யாரைக் கேட்கும்? கண்ணாடி வைத்து, கூண்டு வைத்து, சக்கரம் வைத்து இதற்கெல்லாம் வழி பண்ணிக் கொடுத்த அந்த நெய்வேலிப் பெண்ணையா கேட்கும்?

யார் போயாச்சு? அதைத் தெரிந்துகொள்ள மறுநாள் தமிழ்மணி இல்லாத நேரமாகப் பார்த்து டீச்சர் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். வட்ட ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கத்து பேக்கரி தெரிந்தது. பத்தரைக்கு ஒரு பால் வண்டி வந்து நின்றது. கேன்களை இறக்கிய ஆள் உடனே போகவில்லை. டீ வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நாற்பது வயது ஆள். டீயைக் குடிக்கும்போதெல்லாம் தலை நிமிர்ந்து இந்த மாடியைப் பார்த்தார். டீ தீர்ந்த பிறகும் பார்த்தார்.

அவருக்கும் இதில் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று டீச்சர் புரிந்துகொண்டார். படியிறங்கினார். ரோட்டைக் கடந்து நேராக அந்த ஆள் முன்னால் போய் நின்றார்.

"ரொம்ப நேரமா எங்க மாடியையே பாக்கறீங்களே, யாரைத் தேடறீங்க?"

அவர் எழுந்து நின்றார். மரியாதையாகத்தான் பேசினார்.

"எம் பேரு சுப்புராயன்ங்க. நல்லூரு. எந் தம்பி சம்சாரம் செராமிக் கம்பெனிக்கு வேலைக்கி வருது. அது இந்தப் படியில ஏறுனதா எங்க ஊரு ஆளு ஒருத்தரு சொன்னாரு. நானும் ரெண்டு வாரமா பாக்கறேன், ஒண்ணும் புலப்படல. அன்புக்கரசின்னு யாராச்சும் இங்க வராங்களா?"

ஒரு நொடி யோசித்திருக்கலாம். டீச்சர் யோசிக்கவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடை தெரிந்தவருக்கு வாய் தானாகத் திறந்துவிடும்.

"வராங்க. தெனம் வராங்க," என்றார். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "வூட்டுல கொஞ்சம் கவனிச்சுக்கங்க," என்றும் சேர்த்துச் சொன்னார்.

சுப்புராயனின் முகம் மாறியது. டம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டு ரோட்டைக் கடந்தார். டீச்சர் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "அன்பு" என்று ஒரே தடவைதான். கம்பளிப் பலகைகள் எல்லாச் சத்தத்தையும் விழுங்கும் அந்த ஹாலில் அது மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது. பதினைந்து தலைகள் நிமிர்ந்தன. செடிகளுக்குப் பின்னாலிருந்து அன்புக்கரசி எழுந்தாள். அழவில்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள்.

"கம்பெனிக்குப் போறன்னு சொல்லிட்டு இங்க என்னா பண்றே?"

"கம்பெனிக்கும் போறேன் மாமா. மத்தியான ஷிஃப்டு. காலையில படிக்கறேன்."

"படிப்பு வேணாம்னு அம்மா சொன்னாங்களா இல்லியா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசலில் நின்ற டீச்சருக்கு நேராக வந்தபோது மட்டும் நின்றாள்.

"அவர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டீச்சர்."

அவர்கள் போன பிறகு தமிழ்மணி வந்தான். என்ன நடந்தது என்று தெரிந்ததும் அவன் முகம் சுருங்கியது. சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் அப்போதுதான் சொன்னான்.

"அந்தக்கா ரெண்டு தடவை எழுதி நாலஞ்சு மார்க்குல போச்சு டீச்சர். வூட்டுக்காரரு மஸ்கட்டுல இருக்காரு. மாமியாரு புத்தகத்தை எல்லாம் எடைக்குப் போட்டுட்டாங்களாம். இந்தாளு பால் வண்டி கொண்டாரும்போது கண்ணாடியில தெரிஞ்சிடுவோமேன்னு பயம். அதுக்குத்தான் அலமாரியை மறைப்பா வெச்சுக்கிட்டாங்க. வண்டி போனதும் நான் ஜன்னல்ல பாத்து எழுதிக் குடுப்பேன். அவ்ளோதான்."

"என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"உங்களைப் பாத்தா சொல்லணும்னு யாருக்கும் தோணாது டீச்சர்."

டீச்சர் அவ்வளவு நேரமும் நின்றுகொண்டே இருந்தார். பிறகு ஏழாம் மேசையில் போய் உட்கார்ந்து பார்த்தார். அலமாரியைத் தள்ளிவிட்டால் பேக்கரி பெஞ்சு அப்படியே தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் இந்த மேசையில் இருப்பவரின் மூக்குத்திகூடத் தெரிந்திருக்கும். இந்த இடத்தை ஒதுக்கியது அவரேதான். சண்முகப்ரியாவுக்குப் போன் செய்தார்.

"அந்தச் சக்கரம் யாருக்காக வெச்சே? முன்னாடியே உன்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல டீச்சர். யாருக்கு என்னா பயம்னு நமக்கு எப்படித் தெரியும்? தெரியாதுன்னுதான் வெச்சேன்."

மூன்று நாள் அன்புக்கரசி வரவில்லை. தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. நாலாம் நாள் காலை கமலம் டீச்சர் நல்லூர் பஸ்ஸில் ஏறினார்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பால் வண்டி வாசலில் நின்றது. மாமியார் பெரியம்மாள் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் தான் யார் என்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"நீங்கதான எம் மவன்கிட்ட சொன்னது? இப்ப எதுக்கு வந்தீங்க?"

"அன்னிக்கு நான் தப்பா நெனச்சுட்டேன்ங்க. அந்தப் பொண்ணு படிக்கத்தான் வந்துச்சு. பரிட்சை வரைக்கும் அனுப்புங்கன்னு கேக்க வந்தேன்."

"உங்களுக்கு இதுல என்னா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத்துக்கா பஸ்ஸு ஏறி இம்மாந் தொலைவு வருவாங்க? அன்னிக்கி கவனிச்சுக்கங்கன்னு சொன்னீங்க. இன்னிக்கி அனுப்புங்கன்னு சொல்றீங்க. எதை நம்பறது? அவ உங்களுக்குச் சொந்தமா? தூது போவச் சொன்னாளா?"

கேள்விகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. பெரியம்மாள் டீச்சரின் கைப்பையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், கண்ணையே உற்றுப் பார்த்தார். எந்தப் பதிலைச் சொன்னாலும் அது பொய் மாதிரியே டீச்சருக்கே கேட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் தலை குனிந்து நின்று பதில் சொன்னார். உள்ளே கதவோரம் ஒரு நீலக் கோட்டின் ஓரம் தெரிந்தது. அன்புக்கரசி வெளியே வரவில்லை.

"எதுக்கு அந்த வேலைக்கு இம்மாந் துடிக்கிறா? சம்பளம் கைக்கு வந்தா அப்பறம் இந்த வூட்டுல நிப்பாளா?" என்று பெரியம்மாள் கடைசியாகக் கேட்டார். அவருடைய பயம் அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அதை நான் சொல்ல முடியாதுங்க. அவங்களைத்தான் கேக்கணும். நான் கேக்காமதான் தப்பு பண்ணேன்."

பெரியம்மாள் முறத்தை எடுத்து நாலு தடவை புடைத்தார்.

"நாளைக்கி நானும் வரேன். அது என்னா எடம்னு எங் கண்ணால பாக்கணும்."

மறுநாள் மாமியாரும் மருமகளும் வந்தார்கள். பெரியம்மாள் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றினார். கம்பளிப் பலகையை விரலால் அழுத்திப் பார்த்தார். தொங்கும் ஃபியூஸ் கட்டைகளை ஒதுக்கி அந்தாண்ட என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். போன் கூண்டைத் திறந்து, உள்ளே இருந்த தமிழ்மணி பேச்சை நிறுத்தும் வரை அவனையே பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து மருமகளின் முதுகுக்கு நேர் பின்னால் போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் வரை அசையவில்லை.

கமலம் டீச்சர் தன் மேசையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்புக்கரசி ஒரே பக்கத்தைத்தான் திறந்து வைத்திருந்தாள். பேனா மூடியைக் கழற்றுவாள், மாட்டுவாள். தோள் இரண்டும் காதுவரை தூக்கி நின்றன. தேர்வு அறையில் இப்படித் தோள் தூக்கி உட்கார்ந்த பிள்ளைகளை எல்லாம் டீச்சர் திருட்டுப் பிள்ளைகள் என்றே நினைத்திருந்தார். அவர்களில் எத்தனை பேருக்குப் பின்னால் தான் நின்றதே காரணம் என்று இப்போது கணக்குப் போட முடியாது.

இரண்டாம் நாளும் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் டீச்சரால் தாங்க முடியவில்லை. பெரியம்மாளிடம் போய் மெதுவாகக் குனிந்தார்.

"முதுகு வலிக்குமேம்மா, இப்படி வந்து உக்காருங்க. இங்கேர்ந்தும் தெரியும்."

மெத்தை போட்ட நாற்காலியை முன் பக்கம், அன்புக்கரசியின் முகம் தெரியும் இடத்தில் போட்டார். பெரியம்மாள் சந்தேகத்தோடுதான் எழுந்தார். அங்கே உட்கார்ந்த பிறகு அவருக்கு மருமகளின் முதுகு தெரியவில்லை. முகம் தெரிந்தது. உதடு அசையாமல் வாசிப்பது, ஒரு கணக்கு வராதபோது புருவம் நெரிவது, வந்ததும் தனக்குத் தானே தலையாட்டிக்கொள்வது எல்லாம் தெரிந்தது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்த முகத்தை அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் அவர் பார்த்திருக்க மாட்டார்.

பன்னிரண்டு மணிக்கு எழுந்து டீச்சரிடம் வந்தார்.

"நான் வூட்டுக்குப் போறேன். உளுந்து கெடக்குது. அவ ஒண்ணரைக்கு கம்பெனிக்குப் போவணும். பாத்து அனுப்பி வைங்க."

"பாத்து அனுப்பறதெல்லாம் வேணாம்ங்க. அவங்களே போயிடுவாங்க," என்றார் டீச்சர்.

பெரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். முழுசாக நம்பிவிட்டார் என்று சொல்ல முடியாது. அடுத்த வாரங்களில் சுப்புராயன் பால் இறக்கிவிட்டு இரண்டு மூன்று தடவை மாடிக்கு வந்து எட்டிப் பார்த்ததும் உண்டு. ஆனால் கூப்பிடவில்லை. டீச்சர் எண் ஒதுக்கும் வழக்கத்தை எடுத்துவிட்டார். அவரவருக்குப் பிடித்த இடத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள். அன்புக்கரசி கண்ணாடிப் பக்கத்தை விட்டு உள்சுவர் ஓரமாகப் போய்விட்டாள். டீச்சர் மேசையிலிருந்து பார்த்தால் அந்த மூலை தெரியாது.

ஐந்து வாரமும் அவள் டீச்சரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தேர்வு எழுதினாள். மழைக்காலத்தில் முடிவு வந்தது. சேத்தியாத்தோப்பில் ஒரு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை. ஒரு நாள் காலை மைசூர்பாகு டப்பாவோடு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். தமிழ்மணிக்கு இரண்டு கொடுத்தாள். டீச்சரிடமும் டப்பாவை நீட்டினாள்.

டீச்சர் எடுக்கவில்லை. அத்தனை மாதமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றிருந்தது.

"அன்னிக்கு நான் பண்ணது பெரிய தப்பும்மா. என்னை மன்னிச்சுக்க."

அன்புக்கரசி டப்பாவின் மூடியைத் திருப்பிக்கொண்டே நின்றாள்.

"பரவால்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல டீச்சர். அன்னிக்கி வண்டியில போவும்போது செத்துடலாம்னு இருந்துச்சு. ஆனா நல்லூருக்கு வந்து எங்க அத்தைகிட்ட நின்னீங்க. அதையும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." மறுபடியும் டப்பாவை நீட்டினாள். "எடுத்துக்கங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது. போயிட்டு வரேன்."

டீச்சர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. எந்தப் படியிலும் அது நிற்கவில்லை.